கேள்வி–பதில்: சரிவோடு சண்டை போடாத மினெட்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், கண்டி வட்டபுளுவ வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அதை வரைந்தது மினெட் டி சில்வா என்ற பெண், மரத்தையும் வெட்டவெளியையும் வீட்டை விட அதிகமாக நேசித்தவர்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. தேயிலை விலை, பரீட்சை, கல்யாணக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்த முறை அவர் கதை மட்டும்.

மினெட் டி சில்வா யார்? அந்தக் காலத்தில் ஒரு பெண் எப்படிக் கட்டடக்கலைஞர் ஆனார்? — ஒரு ஆசிரியை, ஹட்டன்

பிறந்தது 1918இல், கண்டியில். அப்பா ஜோர்ஜ் ஈ. டி சில்வா, சட்டத்தரணி, அரசியல்வாதி, பிறகு அமைச்சராகவும் இருந்தவர். அம்மா ஆக்னஸ், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பெண். அப்பா சிங்கள பௌத்தர், அம்மா கிறிஸ்தவர், அந்தக் காலத்தில் இந்தக் கல்யாணமே ஊர் பேசிய விஷயம்.

இலங்கையில் அப்போது கட்டடக்கலை படிக்க ஒரு இடம் கிடையாது. அதனால் பம்பாய்க்குப் போனார், ஜே. ஜே. கலைக்கல்லூரிக்கு. அங்கே 1942, வெள்ளையனே வெளியேறு காலம். காந்தியை விடுதலை செய்யச் சொல்லி நடந்த போராட்டத்தில் இவரும் சேர்ந்துகொண்டார், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு என்றார்கள், முடியாது என்றார், வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு இவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அப்புறம் பெங்களூரில் ஓட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்ற ஜெர்மன்காரரிடம் வேலை செய்து கற்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வந்து மைசூர் அரசின் கட்டட வேலைகளைப் பார்த்தவர் அவர்.

யுத்தம் முடிந்ததும் லண்டன். அங்கே படிப்பை முடித்து 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் உறுப்பினரானார், ஆசியப் பெண்களில் முதல் ஆள். அதற்கு முந்திய வருடமே உலக நவீனக் கட்டடக்கலைஞர்களின் மாநாட்டில் இங்கிலாந்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். பிரான்சின் பெரிய கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியேயோடு வாழ்நாள் நட்பு, கடிதப் போக்குவரத்து. பிக்காசோவோடு நின்று எடுத்த படம் ஒன்றுகூட இருக்கிறது, சேலையில்தான். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லலாம், ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. இவ்வளவும் பார்த்துவிட்டு லண்டனில் தங்காமல் 1949இல் கண்டிக்கே திரும்பி வந்து, அப்பா அம்மா வீட்டிலேயே ஒரு மேசையைப் போட்டுத் தொழில் தொடங்கினார் பாருங்கள், அதைத்தான்.

கண்டிப் பெரிய வீட்டுப் பிள்ளையின் கதை. தோட்டத்துச் சனமான எங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? — ஒரு வாசகர், தலவாக்கலை

கோபம் தெரிகிறது ஐயா, நியாயமான கோபம்தான். ஆனால் மகளை விட்டுவிட்டு ஒரு நிமிடம் அம்மாவைப் பாருங்கள்.

1920களின் கடைசியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது, யாருக்கு வாக்கு கொடுக்கலாம் என்று விசாரிக்க. பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்கப் போன பெண்களில் ஆக்னஸ் டி சில்வா முன்னால் நின்றவர். டொனமூர் பிரபு அவரிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று பதில் சொன்னவர் ஆக்னஸ். கொழும்பிலும் கண்டியிலும் படித்த ஆண்களே, படிக்காதவனுக்கு எதற்கு வாக்கு என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சபையில் கொழுந்து பறிக்கும் என் பாட்டிக்காக வாய் திறந்த ஒரு ஆள் இவர். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது, நம்மவர்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகளோடு.

இனி வருடத்தைக் கவனியுங்கள். மகள் லண்டனில் பட்டயம் வாங்கிய அதே 1948இல்தான் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர் ஆக்கியது, அடுத்த வருடம் வாக்கும் போனது. அம்மா கேட்டு வாங்கியதைப் பறித்துக்கொண்ட நாட்டுக்குத்தான் மகள் வீடு கட்டத் திரும்பி வந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு மினெட் எதுவும் கட்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள், இருக்கிறது.

வட்டபுளுவையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். யாரும் இதைச் சொல்லவில்லையே! அந்த வீடுகளில் அப்படி என்ன விசேஷம்? — ஒரு வாசகி, கண்டி

குடியிருந்த உங்களுக்கே தெரியவில்லை என்றால் அது அவருடைய வெற்றி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், வீடு உறுத்தவில்லை என்று அர்த்தம்.

1950களின் நடுப்பகுதியில், அரச ஊழியர்களுக்காக மகாவலிப் பக்கத்து அந்தச் சரிவில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? புல்டோசரைக் கொண்டுவந்து மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக வைப்பார்கள். மினெட் முதலில் செய்தது, வீடு கேட்டவர்களுக்கு ஒரு கேள்விக்கொத்தைக் கொடுத்தது. எத்தனை பேர், என்ன வருமானம், எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படிச் சாப்பிடுகிறீர்கள், சாமி அறை வேண்டுமா, வீட்டுக்கு வருகிறவர் எங்கே உட்கார வேண்டும் என்கிற மாதிரி. அங்கே குடிவரப்போனவர்கள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று கலந்த கூட்டம், ஒரு வீட்டின் அடுப்படி வழக்கம் இன்னொரு வீட்டில் இல்லை. ஆட்களோடு கூட்டம் போட்டுப் பேசினார். அந்தப் பதில்களை வைத்துச் சில மாதிரி வீடுகளை வரைந்து, அவரவருக்குப் பொருந்துவதைக் கொடுத்தார். இன்றைக்கு இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்து மாநாடு நடத்துகிறார்கள். 1950களில் கண்டியில் ஒரு பெண் காகிதத்தையும் பென்சிலையும் வைத்துச் செய்துவிட்டார்.

அடுத்தது நிலம். இருந்த மரங்களையும் சரிவின் போக்கையும் முடிந்தவரை காப்பாற்றி, அதற்கேற்ப வீதிகளையும் வீடுகளையும் வைத்தார். நான் அங்கே முதன்முதலில் போனது ஒரு சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு. பலகாரத் தட்டோடு வெளியே வந்து நின்றபோது, இந்த வீட்டுக்காரர் ஜன்னலும் அந்த வீட்டுக்காரர் ஜன்னலும் முகத்தில் அடித்துக்கொள்ளாமல், ஒன்றின் கூரைக்கு மேலால் இன்னொன்று மலையைப் பார்க்கிறதே என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. யார் செய்தது என்று அப்போது எனக்கும் தெரியாது.

இப்போது பல வீடுகளில் மாடி ஏற்றி, முன்பக்கம் கடை போட்டு, மதில் கட்டி ஆளே தெரியாமல் மாற்றிவிட்டார்கள். குடும்பம் பெருத்தால் வீடும் பெருக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மதில்களை மட்டும் குறை சொல்வேன்.

வெட்டவெளியை நேசித்தார் என்று எழுதினீர்களே, மலை ஏறுகிறவரா, தோட்டம் போடுகிறவரா? — ஒரு மாணவர், பதுளை

முதுகில் பையைப் போட்டுக்கொண்டு நக்கிள்ஸ் ஏறிய கதை எதுவும் என்னிடம் இல்லை தம்பி. நான் சொன்னது வேறு மாதிரி நேசம், வரைபடத்தில் தெரியும் நேசம்.

அவர் கட்டிய முதல் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியில், பெற்றோரின் சிநேகிதர்களான கருணாரத்ன குடும்பத்துக்கு, 1949இல் தொடங்கி 1951இல் முடித்தது. இடம் நல்ல செங்குத்துச் சரிவு. சரிவை வெட்டித் தட்டையாக்காமல், வீட்டையே படிப்படியாக உடைத்து, ஒரு பகுதி மேலே, ஒரு பகுதி கீழே என்று சரிவோடு இறக்கினார். தேயிலை மலையில் நாம் குறுக்குப் பாதையில் இறங்குகிற மாதிரிதான், நேராக விழுந்தடித்து இறங்குகிறவன் விழுவான், மலை போகிற பக்கம் போகிறவன் தப்புவான். உள்ளேயும் வெளியேயும் என்று கோடு கிழித்துப் பிரிக்காமல், வராந்தா, முற்றம், மறுபடியும் ஒரு திறந்த இடம் என்று காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் நடந்துபோக வழி விட்டார்.

சிங்கள வீடுகளின் நடுமுற்றத்தை அவர்கள் 'மெத மிதுல' என்பார்கள். அதைக் கொங்கிரீட்டும் கண்ணாடியும் வந்த புதிய வீட்டுக்குள் மறுபடியும் கொண்டுவந்தவர்களில் மினெட் முதலாமவர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கூடவே கைவேலைக்காரர்களையும் வீட்டுக்குள் அழைத்து வந்தார். தும்பறைப் பாய் நெய்கிறவர்களின் நெசவைக் கதவுக்கு வைத்தார், மாத்தளைப் பக்கத்து அரக்குவேலையைக் கைப்பிடிகளுக்கு, சுட்ட மண் ஓட்டில் கண்டி நடன உருவங்கள், சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். பாய் நெய்கிறவர் பாயை மட்டுமே நெய்தால் பட்டினிதான், அவர் கைக்கு வீடு கட்டுகிற இடத்திலும் வேலை வேண்டும் என்பது அவர் எண்ணம். இதையெல்லாம் சேர்த்துத் தன் வேலைக்கு அவர் வைத்த பெயர், வெப்பவலயத்துக்கான நவீனப் பிரதேசக் கட்டடக்கலை.

ஜெப்ரி பாவாதானே இதையெல்லாம் தொடங்கினார் என்று படித்திருக்கிறேன்? — ஒரு மாணவி, மாத்தளை

பாவா இலங்கையின் பேர்போன கட்டடக்கலைஞர்தான், ஆனால் தொடங்கியது அவர் இல்லை. மினெட் கருணாரத்ன வீட்டை முடித்தபோது பாவா சட்டம் படித்துவிட்டு, அது பிடிக்காமல், பெந்தோட்டைப் பக்கம் 1948இல் வாங்கிய லுணுகங்கை என்ற பழைய றப்பர் தோட்டத்தில் மண்ணை மாற்றிக்கொண்டிருந்தார். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், அப்போது அவருக்கு 38 வயது. பெயரும் புகழும் அவருக்குப் போனது, மினெட்டுக்குப் போகவில்லை. பெண் என்பது ஒரு காரணம், கண்டியில் தனியாக இருந்தது இன்னொரு காரணம், கொஞ்சம் பிடிவாதக்காரி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பிடிவாதக்கார ஆண்களுக்கு நம்மூரில் மேதை என்றுதான் பெயர்.

அதற்காகப் பாவாவைச் சின்னவராக்க வேண்டாம். வெட்டவெளிப் பைத்தியம் என்றால் அவர்தான் முழுப் பைத்தியம். லுணுகங்கையில் ஐம்பது வருடம் ஒரே தோட்டத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். தூரத்து தாதுகோபுரம் வீட்டிலிருந்து தெரிய வேண்டும் என்று நடுவில் நின்ற மேட்டை வெட்டித் தாழ்த்தினார், குறுக்கே போன ஊர் வீதி கண்ணில் படாமல் பள்ளத்துக்குள் மறைத்தார், தோட்டத்தின் பல மூலைகளில் மணிகளைத் தொங்கவிட்டு, எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கிருந்து அடித்தால் தேநீர் அங்கே வரும். 2003இல் இறந்தபோது தகனமும் அந்தத் தோட்டத்துக் கறுவா மேட்டில்தான்.

உங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே கந்தளமை ஹோட்டல் இருக்கிறது, 1994இல் முடித்தது. சிகிரியாவுக்குக் கிட்ட இடம் கொடுத்தும் அது வேண்டாம் என்று, குளத்தைப் பார்த்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். கட்டும்போது குளம் கெட்டுப்போகும் என்று பிக்குகளும் ஊர்ச்சனமும் பெரிய எதிர்ப்பு. இன்று கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் நீளக் கட்டடத்தைக் கொடி மூடிக் காடு மாதிரி நிற்கிறது, குரங்குகள் வராந்தாவில் நடக்கின்றன. மாத்தளைக்காரி நீங்கள், ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

மேசன் பாஸை வைத்தே வீடு கட்டிவிடலாமே, கட்டடக்கலைஞர் எதற்கு? — ஒரு வாசகர், கினிகத்தேன

கட்டலாம். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று பாஸிடம் முதலில் கேளுங்கள். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்றால் வேறு பாஸைப் பாருங்கள்.

7 பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்திருக்கிறது. மினெட் மாதிரி நடுமுற்றம் வைக்கலாமா? — ஒரு வாசகி, நுவரெலியா

முதலில் வாழ்த்துகள் தங்கச்சி. முற்றத்துக்கு என் பதில், வேண்டாம். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், நீங்கள் இருப்பது 1,800 மீற்றருக்கு மேலே. கண்டியில் முற்றம் காற்றைக் கொண்டுவரும், உங்களிடம் பனியையும் ஈரத்தையும்தான் கொண்டுவரும், ஜனவரியில் உறைபனி விழுகிற ஊரில் நடுவீட்டைத் திறந்துவைத்தால் பிள்ளைகளுக்குச் சளி ஓயாது. மினெட் இருந்திருந்தாலும் உங்களுக்கு முற்றம் வரைந்திருக்க மாட்டார், இடத்தைப் பார்த்துத்தானே அவர் வரைந்தார். காலை வெயில் விழுகிற பக்கத்தில் நல்ல பெரிய கண்ணாடி ஜன்னலோடு ஒரு உட்காரும் மூலை வையுங்கள், அதுதான் உங்கள் முற்றம். கூரையின் இறவாணத்தை நீட்டி விடுங்கள், சாரல் சுவரில் அடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் கட்டுகிற வீடு 550 சதுர அடி. உங்களுடையதும் அந்த மாதிரிதான் என்றால் வெளியே மிச்சம் 1,350 சதுர அடி, வீட்டை விட இரண்டு மடங்குக்கு மேல் வெளிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எல்லாரும் 550ஐப் பற்றியே பேசுகிறார்கள். அந்த 1,350ஐ எப்படி வைத்துக்கொள்வது என்று யோசியுங்கள். இடம் பிடிக்க வேண்டும் என்று பின்னால் உள்ள மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், மேலிருந்து வரும் தண்ணீருக்கு ஒழுங்கான கான் வெட்டாமல் எதையும் கட்டாதீர்கள், வேரோடு மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற மரத்தை விறகுக்காகத் தறிக்காதீர்கள். கூடுதலாக அறை கட்டுவதென்றால், மண்சரிவு அபாயம் உண்டா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியதை நாம் யாரும் மறந்துவிடவில்லை.

லயத்தை வரைந்த கட்டடக்கலைஞர் யார்? — ஒரு வாசகர், மஸ்கெலியா

குத்தலாகக் கேட்டிருக்கிறீர்கள். கோப்பிக் காலத்திலிருந்து எவனோ ஒருவன் ஒரு கோட்டை இழுத்து, அதைப் பத்துப் பன்னிரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் 10 அடிக்கு 12 அடி என்றான், அதுதான் வரைபடம். எதிரே உலகத்திலேயே அழகான மலை, ஆனால் காம்பரா என்கிற அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இல்லை, இருந்தால் அது புகை போகத்தான் காணும். துரை பங்களாவுக்கு மட்டும் நாலு பக்கமும் ஜன்னல், புல்வெளி, ரோசாப்பூ.

நம் ஆட்களுக்கு வெளி என்று கிடைத்தது காம்பராவுக்கு முன்னால் இருக்கும் திண்ணை, அந்த இஸ்தோப்பு ஒன்றுதான். எங்கள் லயத்தில் இஸ்தோப்பு இரண்டு முழ அகலம். அப்பாவின் கவ்வாத்துக் கத்தி தொங்கியது அங்கே, அம்மா வேலை முடிந்து வந்து காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்தது அங்கே, நான் படித்தது அங்கே, தாத்தாவைக் கடைசியாகக் கிடத்தியதும் அங்கே. கேள்விக்கொத்தோடு யாராவது அப்போது எங்கள் லயத்துக்கு வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று இந்தப் பதில்களை எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். காம்பராவைப் பெரிதாக்கு என்று சொல்லியிருக்க மாட்டார். இஸ்தோப்பை இன்னும் ஒரு முழம் அகலமாக்கு, பீலித் தண்ணீரைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவா என்றுதான் கேட்டிருப்பார்.

இன்றைக்குப் புதிய வீடுகள் வருகின்றன, சந்தோஷம். ஆனால் இன்னமும் வரைபடம் கொழும்பிலிருந்து முடிந்துதான் வருகிறது, அடுப்படி எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரியிடம் கேட்டதாக எனக்குத் தெரிந்த யாரும் சொன்னதில்லை.

அவருடைய கடைசிக் காலம் எப்படி? இப்போது எதைப் போய்ப் பார்க்கலாம்? — வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள்

1970களில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் சில வருடம் கற்பித்தார். திரும்பி வந்து கண்டி வாவிக்கரையில் கலை நிலையத்தைக் கட்டினார், வெளிநாட்டுக்காரர் மாலையில் கண்டி நடனம் பார்க்க வரிசையில் நிற்பார்களே, அதுதான். அதற்குப் பிறகு வேலை குறைந்தது, கையில் காசும் குறைந்தது. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனம் தங்கப்பதக்கம் கொடுத்தது 1996இல், அவருக்கு 78 வயதானபோது. இரண்டு வருடம் கழித்து, 1998 நவம்பரில் கண்டியிலேயே இறந்தார். தன் வாழ்க்கையையும் வேலையையும் தானே தொகுத்த புத்தகம் கைக்கு வருவதைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் வாழ்ந்த, மலைமேல் வாவியைப் பார்த்து நின்ற செயின்ட் ஜோர்ஜ் வீடு பாழடைந்து போனது. கட்டியவற்றில் பலவற்றை இடித்தும்விட்டார்கள்.

கலை நிலையத்துக்கு நடனம் பார்க்காமலும் போகலாம், கூரையையும் படிக்கட்டுகளையும் பார்க்க. கருணாரத்ன வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், அது தனியார் வீடு. வட்டபுளுவைக்குக் கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது, கிட்டத்தான். இறங்கி, வீதி எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் நடவுங்கள். மாடி ஏறாத பழைய வீடு ஒன்று கண்ணில் பட்டால் மதிலுக்கு வெளியே நின்று பாருங்கள், யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால் மினெட் டி சில்வாவின் வீட்டைப் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள், அவர்களுக்கும் தெரிந்திருக்காது. மத்தியானத்துக்குப் பிறகு மழை வரும், குடையை மறக்க வேண்டாம்.